திட்டம் போடுற மேஜையில டிக்யூவுக்கும் ஒரு நாற்காலி வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எல்லையில ஏதாவது பதட்டம்னா உங்க பேப்பர்ல முதல் பக்கத்துல பீரங்கி படம், விமானம் படம், யார்கிட்ட எத்தனை டாங்க் இருக்குன்னு ஒரு அட்டவணை எல்லாம் போடுறீங்க, நான் ஒரு வரி விடாம படிக்கிறவன், அந்த உரிமையில கேக்கறேன், அந்த பீரங்கிக்கு குண்டு எப்படி மேல போய் சேருது, அங்க நிக்கிற ஜவானுக்கு நாளைக்கு காலைல டீ போட மண்ணெண்ணெய் எங்கிருந்து வருதுன்னு ஒரு கட்டுரை கூட நான் பார்த்ததில்ல. நான் ராணுவத்துல கிளார்க்கா சேர்ந்து சுபேதாரா ரிட்டயர் ஆனவன், வேலூர் மாவட்டம், சர்வீஸ்ல பெரும்பகுதி பிரிகேட் ஹெட்குவார்ட்டர்ஸ்ல கியூ பிராஞ்ச்லயே, அதாவது ரேஷன், எரிபொருள், குண்டு கணக்கு பாக்கற பக்கமே போச்சு, அத பாக்கற ஆபீசர்தான் தலைப்புல சொன்ன டிக்யூ. இங்க ரகசியம் எதுவும் எழுதல, எல்லாம் வெளியில தெரிஞ்ச விஷயம்தான்.

ஒரு பிரிகேட்னா மூணு காலாட்படை பட்டாலியன், கூட பீரங்கி, இன்ஜினியர், சிக்னல், மெடிக்கல்னு சேர்த்தா மூவாயிரம் பேருக்கு மேல வரும். தலைமை பிரிகேடியர். ஆனா ஹெட்குவார்ட்டர்ஸ தினமும் ஓட்டுறது ரெண்டு மேஜர் ரேங்க் ஆபீசருங்க. ஒருத்தர் பிரிகேட் மேஜர், பிஎம்னு சொல்வோம், ஆபரேஷன், டிரெயினிங், பட்டாலியன்ல எந்த கம்பெனி, அதாவது எந்த பிரிவு, எந்த போஸ்ட்ல, அதாவது எந்த காவல் முகாம்ல நிக்கணும், எல்லாம் அவர் கையில, அது ஜி பிராஞ்ச். இன்னொருத்தர் டிக்யூ, பழைய முழுப்பேரு டெபுடி அசிஸ்டென்ட் அட்ஜுடென்ட் அண்ட் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல், அந்த பேர யாரும் சொல்லி நான் கேட்டதில்ல, டிக்யூ சாப்னா எல்லாருக்கும் புரியும். ரேஷன், எரிபொருள், குண்டு, வண்டி, துணிமணி, தங்குற இடம், கோவேறு கழுதை, போர்ட்டர், அடிபட்டவனை கீழ கொண்டு வர்றது, லீவ்ல போறவன் வர்றவன், எல்லாம் அவர் தலையில, அது கியூ பிராஞ்ச். இவங்களுக்குக் கீழ ஜிஎஸ்ஓ த்ரீ, ஸ்டாஃப் கேப்டன்னு சின்ன ஆபீசருங்க, அவங்களுக்குக் கீழ எங்கள மாதிரி கிளார்க்குங்க. அமெரிக்க ராணுவத்துல இதையே எஸ் த்ரீ, எஸ் ஃபோர்னு சொல்றாங்க. எந்த நாட்டு பிரிகேடா இருந்தாலும் இந்த ரெண்டு ரூமுக்கும் நடுவுல பேச்சு சரியா இருக்கான்னு பார்த்தாலே அந்த பிரிகேட் சண்டைக்கு ரெடியா இல்லையான்னு பாதி தெரிஞ்சிடும், இது என் அனுபவம்.

ஏன்னு சொல்றேன். மலைப் பிரதேசத்துல பிஎம் ஒரு பட்டாலியன பதினாறாயிரம் அடியில ஒரு இடத்துக்கு இந்த தேதிக்குள்ள ஏத்தணும்னு பிளான் போடுறாரு, மேப்ல அது ஒரு அம்புக்குறிதான். ஆனா சமவெளியில இருந்து வர்ற ஆளை நேரா மேல கொண்டு போனா நுரையீரல்ல தண்ணி கோத்து செத்துடுவான். அதுக்குன்னு ராணுவத்துல விதி இருக்கு, 9,000 அடியில இருந்து 12,000 அடி வரைக்கும் 6 நாள், அடுத்து 15,000 வரைக்கும் 4 நாள், அதுக்கு மேல போகணும்னா இன்னொரு 4 நாள், ஆக மொத்தம் 14 நாள் படிப்படியா உடம்ப பழக்கணும். அந்த 14 நாளும் அவங்க எங்க தங்குவாங்க, எத்தனை டெண்ட், எத்தனை புகாரி அடுப்பு, அந்த ஸ்டேஜ்ல அவங்களுக்கு சாப்பாடு யார் கணக்குல, அங்க டாக்டர் யாரு, இதெல்லாம் டிக்யூ பாக்கணும். பிஎம் தேதிய முடிவு பண்ணி ஆர்டர் டைப் ஆன பிறகு டிக்யூகிட்ட காபி வந்தா அவர் என்ன பண்ண முடியும்? ஒண்ணு தேதி தள்ளும், இல்ல ஆள் பழகாம மேல போவான். கல்யாணத்துக்கு தேதி குறிச்சு பத்திரிகையும் அடிச்சு ஊர் பூரா குடுத்துட்டு சமையல்காரர முதல் நாள் ராத்திரி கூப்பிட்டு ஆயிரம் இலைன்னு சொன்னா எப்படி இருக்கும், அப்படித்தான் இது.

ரோடு விஷயம் இன்னும் மோசம். மலை ரோடு பல இடத்துல ஒரு வழிதான், காலைல மேல போற கான்வாய், மதியத்துக்கு மேல கீழ வர்ற கான்வாய்னு டைமிங் இருக்கும். தீவிரவாதம் இருக்கற ஏரியாவா இருந்தா கான்வாய் கிளம்பறதுக்கு முன்னாடி ரோடு ஓபனிங் பார்ட்டி போய் வழி நெடுக கண்ணிவெடி இருக்கான்னு பார்த்து நிக்கணும். கான்வாய் டிக்யூவோடது. ஆனா அந்த ரோடு ஓபனிங் பார்ட்டிக்கு ஆளு பட்டாலியன்ல இருந்து வரணும், அத ஒதுக்குறது பிஎம். அதே நாள் பிஎம் அந்த பட்டாலியன வேற ஆபரேஷனுக்கு எடுத்துட்டா வண்டி பூரா லோடு ஏத்தி டிரான்சிட் கேம்ப்ல நிக்கும், ஒரு நாள் நின்னா பின்னாடி வர்ற அடுத்த கான்வாயும் நிக்கும், மேல இருக்கற போஸ்ட்ல ஸ்டாக் ஒரு நாள் குறையும். இந்த மாதிரி நேரத்துல ராத்திரி பத்து மணிக்கு பிஎம்மும் டிக்யூவும் ஒரே மேப் முன்னாடி நின்னு, நீ ரெண்டு பிளட்டூன் (கம்பெனிக்குள்ள இருக்கற சின்ன பிரிவு) விடு நான் கான்வாய ஒரு மணி நேரம் முன்னாடி கிளப்பறேன்னு பேசி முடிக்கறத நான் பார்த்திருக்கேன், அந்த பேச்சு எந்த ஃபைல்லயும் இருக்காது, ஆனா அதுதான் பிரிகேட்.

மண்ணெண்ணெய் கதைய சொல்லாம விட முடியாது. பனி மலை போஸ்ட்ல மண்ணெண்ணெய்தான் உயிர். சமையல், குளிர் காயறது, அதெல்லாம் எல்லாருக்கும் தோணும். ஆனா அங்க குழாய் கிடையாது ஓடை உறைஞ்சிடும், குடிக்கிற தண்ணியே பனிய உருக்கித்தான், அதுக்கும் மண்ணெண்ணெய் வேணும். ஒரு போஸ்ட்ல பத்து பேர் இருந்த இடத்துல பிஎம் பாதுகாப்புக்காக இன்னும் பத்து பேர அனுப்பினா ரேஷன் மட்டும் ரெண்டு மடங்கு ஆகல, தண்ணி, எரிபொருள், ஜெரிகேன், அத தூக்கற போர்ட்டர், அந்த போர்ட்டர் சாப்பிடற ரேஷன், எல்லாமே ஏறும். இந்த சங்கிலிய புரிஞ்ச பிஎம் ஆள் அனுப்பறதுக்கு முன்னாடியே டிக்யூ ரூமுக்கு வந்து, எத்தனை பேர உன்னால தாங்க முடியும்னு கேப்பாரு. புரியாதவர் ஆள அனுப்பிட்டு மெசேஜ் அனுப்புவாரு.

ஒரு சம்பவம் சொல்றேன், எந்த பிரிகேட், எந்த வருஷம், யாரு, எதுவும் சொல்ல மாட்டேன். குளிர் காலத்துக்கு முன்னாடி ஒரு கம்பெனி நிக்கிற இடத்த ஜி பிராஞ்ச்ல மாத்திட்டாங்க, சரியான காரணம்தான், எதிராளி பார்வை அங்க விழுது, பக்கத்து மலை முகட்டுக்கு போங்கன்னு. அந்த ஆர்டர் பட்டாலியனுக்குப் போச்சு, பீரங்கிக்காரங்களுக்குப் போச்சு, சிக்னலுக்குப் போச்சு, கியூ பிராஞ்சுக்கு வரல. எங்க சைடுல பழைய இடத்துக்கே கழுதை மேல அரிசி, ஆட்டா, டின் சாப்பாடு, மண்ணெண்ணெய்னு ஏத்தி ஏத்தி குவிச்சிட்டு இருந்தோம். தெரிய வந்தப்ப பனி ஆரம்பிச்சிடுச்சு. அந்த கம்பெனி ஜவானுங்களே பழைய இடத்துல இருந்து புது இடத்துக்கு முதுகுல சுமந்தாங்க, இடுப்பளவு பனியில. யாரும் சாகல, கடவுள் புண்ணியம். ஆனா ரெண்டு பேருக்கு கால் விரல் போச்சு. பக்கத்து ரூமுக்கு ஒரு காபி வந்திருந்தா அந்த விரல்கள் இருந்திருக்கும். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் ஆகியும் இத நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

இது சின்ன அளவுல நடந்தது. பெரிய அளவுல நடந்தத இந்த நாடே பார்த்திருக்கு, 1962 சீனப் போர்ல, இப்ப அருணாச்சலப் பிரதேசமா இருக்கற இடத்துல, நம்கா சூ ஆத்தங்கரையில. தவாங்ல இருந்த 7வது பிரிகேட், பிரிகேடியர் ஜான் தால்வி தலைமையில. செப்டம்பர் 8ஆம் தேதி நம்ம தோலா போஸ்ட்ட சீனாக்காரங்க சூழ்ந்துட்டாங்க, அவங்கள தாக்லா மலையில இருந்து துரத்தணும்னு டெல்லியில முடிவு பண்ணி ஆர்டர் போட்டுட்டாங்க. தவாங்குக்கு அப்புறம் வண்டி போற ரோடு கிடையாது, நடைதான். போர்ட்டர் பத்தல, அதனால விமானத்துல இருந்து சாமான் போட வேண்டியதாச்சு, அதுக்கு கிடைச்ச இடம் சாங்தார்னு 14,000 அடிக்கு மேல ஒரு மேடு, சுத்தி பள்ளத்தாக்கு, போட்ட லோடுல நிறைய பள்ளத்துல விழுந்து எடுக்கவே முடியாம போச்சு. ஜவானுங்க பருத்தி யூனிஃபார்ம்ல நின்னாங்க, பல பேர்கிட்ட கையில இருந்தது ஆளுக்கு 50 ரவுண்டு. அந்த நிலையில ஒரு பிரிகேட ஆத்து ஓரமா பல கிலோமீட்டருக்கு நீட்டி நிக்க வச்சாங்க.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, முடியாதுன்னு சொன்னவங்க இருந்தாங்க சார். அந்த ஏரியாவுக்கு பொறுப்பா இருந்த 33வது கோர் (பல பிரிகேட் அடங்கின பெரிய படை) கமாண்டர் லெப்டினன்ட் ஜெனரல் உம்ராவ் சிங், இவ்வளவு சாமான், இவ்வளவு குண்டு மேல சேராம அட்டாக் பண்ண முடியாதுன்னு கணக்கோட சொன்னாரு. பிரிகேடியர் தால்வியும் அதே கணக்கத்தான் கீழ இருந்து சொன்னாரு. நடந்தது என்ன, அந்த செக்டர உம்ராவ் சிங் கையில இருந்து எடுத்து அக்டோபர் 4ஆம் தேதி புதுசா 4வது கோர்னு ஒண்ண உருவாக்கி ஜெனரல் பி.எம்.கவுல் கிட்ட குடுத்தாங்க. அக்டோபர் 20 விடியக்காலைல சீனா அடிச்சது, ஒரே நாள்ல பிரிகேட் சிதறிப் போச்சு, 22ஆம் தேதி பிரிகேடியரே கைதானாரு. ராஜ்புத், கூர்க்கா, பஞ்சாப் ரெஜிமென்ட் ஆளுங்க கடைசி ரவுண்டு வரைக்கும் சண்டை போட்டாங்க, வீரத்துல ஒரு குறையும் இல்ல. லாஜிஸ்டிக்ஸ் கணக்க சொன்னவன கோழைன்னு பார்த்த மேலிடத்துலதான் குறை.

இதுக்கு நேர் எதிர் 1971. ஏப்ரல் மாசமே கிழக்கு பாகிஸ்தானுக்குள்ள போக முடியுமான்னு இந்திரா காந்தி கேட்டப்ப அப்போதைய ராணுவத் தளபதி மானெக்‌ஷா உடனே முடியாது டைம் வேணும்னு சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும், மழை வரும்னு சொன்னாரு, படைகள் வேற வேற மூலையில இருக்கு ரயில் வேணும்னு சொன்னாரு. தைரியம்னு அத சொல்றோம், சரிதான், ஆனா அதுக்குள்ள இருந்தது டிக்யூ கணக்கு. அந்த ஏழெட்டு மாசத்துல கிழக்குல என்ன வேலை நடந்ததுன்னு பாருங்க, திரிபுரா பக்கம் மீட்டர்கேஜ் ரயில் தர்மநகர் வரைக்கும்தான், அதுக்கு அப்புறம் மலை ரோடு, அந்த வழியா ஒரு முழு கோருக்கு வேண்டிய குண்டும் எரிபொருளும் சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே குவிச்சு வச்சாங்க. டிசம்பர் 3 ஆரம்பிச்ச போர் 16ஆம் தேதி டாக்காவுல முடிஞ்சது. பதிமூணு நாள் சண்டைக்கு பின்னால அத்தனை மாச லாரி ஓட்டம் இருக்கு, அந்த டிரைவருங்க பேரு எந்த பாடப் புத்தகத்துலயும் கிடையாது.

வெளிநாட்டு உதாரணம் ஒண்ணு மட்டும் சொல்றேன், ஏன்னா அது பிரிகேட் லெவல்ல நடந்தது. 1982ல பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஃபாக்லாண்ட் தீவு சண்டை, பிரிட்டிஷ் 3வது கமாண்டோ பிரிகேட் மே 21ல சான் கார்லோஸ்ல இறங்கினாங்க. பிளான் என்னன்னா ஹெலிகாப்டர்ல ஆளையும் பீரங்கியையும் தூக்கிட்டு தலைநகர் ஸ்டான்லி பக்கம் போறது. மே 25ல அட்லாண்டிக் கன்வேயர்ங்கற கப்பல் அடிபட்டு அதுல இருந்த நாலு சினூக் பெரிய சரக்கு ஹெலிகாப்டர்ல மூணு போச்சு, கூட வேற ஹெலிகாப்டரும் போச்சு. ஒரே நாள்ல ஆபரேஷன் பிளான் மொத்தமும் தலைகீழ். மீதி இருக்கற ஹெலிகாப்டர்ல பீரங்கி குண்டு போகணுமா, சாப்பாடு போகணுமா, அடிபட்டவன் வரணுமா, இத ஜி தனியா முடிவு பண்ண முடியாது, கியூவும் தனியா முடிவு பண்ண முடியாது. கூஸ் கிரீன்ல 2வது பாரா பட்டாலியன் சண்டை போட்டப்ப அவங்களுக்கு கிடைச்சது மூணே மூணு 105 எம்எம் பீரங்கி, அதுக்கும் குண்டு அளவாத்தான், காரணம் தூக்க ஹெலிகாப்டர் இல்ல. மரைன் ஆளுங்க முதுகுல மூட்டையோட நடந்தே போனாங்க. ஜெயிச்சாங்க, ஏன்னா பிளான் உடைஞ்ச பிறகும் ரெண்டு பிராஞ்சும் உட்கார்ந்து புது பிளான் போட முடிஞ்சது. 2022ல உக்ரைன் தலைநகர் கீவுக்கு வடக்க ரஷ்ய கான்வாய் 60 கிலோமீட்டருக்கு மேல நீளமா ரோட்டுல நின்னத டிவியில எல்லாரும் பார்த்தோம், எரிபொருள் இல்ல சாப்பாடு இல்லன்னு செய்தி வந்தது, அவ்வளவு பெரிய ராணுவம், அவ்வளவு டாங்க்.

இப்ப நம்ம லடாக்குக்கு வரேன். ஸ்ரீநகர்ல இருந்து லே போற ரோடு ஜோஜிலா கணவாய் வழியா, 11,500 அடிக்கு மேல, குளிர் காலத்துல பனி மூடிடும். மணாலி வழியா போறதும் அதே மாதிரி, 2020 அக்டோபர்ல 9 கிலோமீட்டர் அடல் டனல் திறந்த பிறகு ரோத்தாங் கணவாய் தொல்லை போச்சு, ஆனா அதுக்கு அப்பால பாரலாச்சா லா, டங்லாங் லான்னு இன்னும் கணவாய் இருக்கு. அதனால கோடை மாசங்கள்லயே குளிர் காலத்துக்கு வேண்டியத ஏத்தி முடிக்கணும், அட்வான்ஸ் விண்டர் ஸ்டாக்கிங்னு பேரு. ஒவ்வொரு பிரிகேட் டிக்யூவும் வசந்த காலத்துலயே உட்கார்ந்து வர்ற டிசம்பர்ல எந்த போஸ்ட்ல எத்தனை பேர் இருப்பாங்கன்னு பிஎம்ம கேட்டு கணக்கு போட ஆரம்பிப்பாரு, எந்த பட்டாலியன் மாறும், எத்தனை பேர் லீவ்ல இருப்பாங்க, எத்தனை லிட்டர் மண்ணெண்ணெய், எத்தனை முட்டை, முட்டை எந்த உயரத்துக்கு மேல உறைஞ்சு கல்லாகும்னு கூட. 2020 ஜூன்ல கல்வான்ல நம்ம ராமநாதபுரம் ஹவில்தார் பழனி உட்பட 20 பேர் உயிர விட்டப்ப, அதுக்கு அப்புறம் திடீர்னு ஆயிரக்கணக்குல கூடுதல் படை மேல போனப்ப, அந்த வருஷ கணக்கு மொத்தமும் கோடை நடுவுல திருத்தி எழுத வேண்டியிருந்திருக்கும். எத்தனை டிக்யூ எத்தனை ராத்திரி தூங்கியிருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த குளிர்ல நம்ம ஜவான் பட்டினி கிடக்கல, குளிர்ல கைவிடப்படல. இது எவ்வளவு பெரிய வெற்றி, யாராவது எழுதினோமா?

நம்ம தமிழ்நாட்டுக்கு இதுல இருக்கற பங்கு கொஞ்சம் இல்ல. இந்த பிஎம், டிக்யூ வேலைக்கு ஆபீசர்கள தயார் பண்ற டிஃபென்ஸ் சர்வீசஸ் ஸ்டாஃப் காலேஜ் குன்னூர் பக்கத்துல வெல்லிங்டன்லதான் இருக்கு, முப்படை ஆபீசரும் வெளிநாட்டு ஆபீசரும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் தங்கி படிக்கிறாங்க, டிகிரி குடுக்கறது சென்னைப் பல்கலைக்கழகம். மானெக்‌ஷாவே அங்க கமாண்டன்டா இருந்தவரு, கடைசி காலத்த குன்னூர்லயே கழிச்சவரு. பக்கத்துலயே அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி, குண்டுக்கு மருந்து செய்யற இடம். மலை ரோட்டுல ராணுவ லோடு இழுக்கற ஸ்டாலியன் லாரி அசோக் லேலண்ட் டிசைன். இவ்வளவும் நம்ம ஊர்ல வச்சுக்கிட்டு ஊட்டிக்கு டூர் போறவனுக்கு வெல்லிங்டன்னா ரேஸ் கோர்ஸ் பக்கத்துல ஒரு மிலிட்டரி ஏரியா, அவ்வளவுதான் தெரியுது.

தியேட்டர் கமாண்ட் வருது, முப்படையும் ஒண்ணா வேலை செய்யப் போகுதுன்னு நிறைய எழுதறாங்க. 2021 ஏப்ரல் 1ல மும்பைல முப்படைக்கும் சேர்த்து ஜாயின்ட் லாஜிஸ்டிக்ஸ் நோட், அதாவது பொதுவான சப்ளை மையம் திறந்தாங்க, அதுக்கு முன்னாடியே குவாஹாத்தி, போர்ட் பிளேர்ல ஆரம்பிச்சாச்சு. நல்ல விஷயம், ஒரே ஊர்ல மூணு படைக்கு மூணு பெட்ரோல் ஸ்டோர் எதுக்கு. ஆனா மேல எத்தனை நோட் வச்சாலும் கீழ பிரிகேட்ல பிஎம் ரூமும் டிக்யூ ரூமும் தனித்தனி உலகமா இருந்தா பிரயோஜனம் இல்ல. எனக்குத் தெரிஞ்சு இதுல ஒரு மனநிலை பிரச்னை இருக்கு. பிஎம் போஸ்டிங்னா பெருமை, அடுத்த பிரமோஷனுக்கு வழின்னு பார்க்கறாங்க, கியூ வேலைய ரேஷன் கணக்குன்னு கொஞ்சம் கீழ பார்க்கற ஆளுங்க இருக்காங்க. எல்லாரும் இல்ல, நான் பார்த்த நல்ல பிரிகேடியருங்க காலைல மீட்டிங்ல டிக்யூவத்தான் முதல்ல பேச சொல்வாங்க, ரோடு எப்படி, ஸ்டாக் எத்தனை நாளுக்கு, வண்டி எத்தனை ஓடுற நிலையில, அத கேட்டுட்டுத்தான் பிஎம் பக்கம் திரும்புவாங்க. ஒருத்தர் எங்க பிரிகேட்ல ஒரு வழக்கமே வச்சாரு, எந்த ஆபரேஷன் ஆர்டரா இருந்தாலும் டிராஃப்ட்ல டிக்யூ கையெழுத்து இல்லாம தன் மேஜைக்கு வரக்கூடாதுன்னு. வேலை கொஞ்சம் மெதுவாச்சுன்னு முதல்ல முணுமுணுத்தாங்க, ஆனா அவர் இருந்த வரைக்கும் மேல சொன்ன மாதிரி கழுதை தப்பான மலைக்கு ஏறவே இல்ல. இதையே எல்லா பிரிகேட்லயும் கட்டாயமாக்கணும்னு நான் கேக்கறேன். பிஎம் ஆகப் போற ஆபீசர் முன்னாடியே கொஞ்ச காலம் கியூ வேலை பார்த்திருக்கணும், டிக்யூ ஆகறவர் ஒரு தடவையாவது அந்த கடைசி போஸ்ட் வரைக்கும் ஒரு ரேஷன் பார்ட்டியோட நடந்து போயிருக்கணும்.

உங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டு. எல்லைச் செய்தி எழுதும்போது பேசற ரிட்டயர்ட் ஜெனரல்கிட்ட உங்க நிருபர் ஒரு கேள்வி சேர்த்து கேக்கட்டும், அந்த ரோடு எத்தனை மாசம் திறந்திருக்கும், மேல ஸ்டாக் எத்தனை நாளுக்குன்னு. சரியான நம்பர் சொல்ல மாட்டாரு, சொல்லவும் கூடாது, ஆனா அந்த கேள்வி பேப்பர்ல வந்தா படிக்கறவனுக்கு போர்னா என்னன்னு கொஞ்சம் புரியும், நாளைக்கே அடிக்கணும்னு கத்தறவன் ஒரு நிமிஷம் யோசிப்பான். இன்னொண்ணு, டிசம்பர் 8 ஆர்மி சர்வீஸ் கோர் தினம், ரேஷனும் எரிபொருளும் கொண்டு போற படைப்பிரிவோட நாள். வேலூர், திருவண்ணாமலை பக்கம் அந்த கோர்ல டிரைவரா, ஸ்டோர்மேனா, கழுதை ஓட்டியா இருந்து ரிட்டயர் ஆனவங்க கிராமத்துக்கு கிராமம் இருக்காங்க. ஜோஜிலாவுல பனிச் சரிவுக்கு நடுவுல ராத்திரி வண்டி ஓட்டினவங்க, மேல குண்டு இறக்கிட்டு கீழ வரும்போது அடிபட்டவன ஏத்திட்டு வந்தவங்க. அந்த தேதிக்கு முன்னாடி ஒரு நிருபர அனுப்புங்க, எங்க ஊருக்கே அனுப்புங்க, நான் நாலு பேர கூட்டி வச்சு உட்கார வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுபேதார்,
வேலூர் மாவட்டம்